போடாமல் விட்ட பெல்ட்

1. கயிறு கட்டி வந்த கார்

டீச்சரின் கார் என் கேரேஜுக்கு ஓடி வரவில்லை. ஒரு டெம்போவின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நாலு டயரிலும் காற்று இல்லை. பிரேக் பெடல் தரைவரை போய் அங்கேயே நின்றுவிட்டிருந்தது. ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தது டீச்சர்தான். இறங்கியதும் புடவையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, இது இனி ஓடுமா என்று கேட்டார். ஓடும், ஆனால் நாளாகும் என்றேன்.

என் பெயர் சேகர். மைன்ஸ் வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தேன். எங்கள் ஊர் தங்கச் சுரங்கத்தை மைன்ஸ் என்றுதான் சொல்வோம். அது மூடிய பிறகு ஊரிகம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு ஷெட் எடுத்து கார் வேலை செய்ய ஆரம்பித்தேன். இன்றைக்கும் அதே ஷெட்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்க உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் மெக்கானிக்குகள் கூட்டத்தில் கேட்டார்கள். நன்றாக முடிந்த வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். நான் இந்தக் காரைப் பற்றி எழுதுகிறேன்.

அது ஒரு பழைய எய்ட் ஹன்ட்ரட். மூணு சிலிண்டர், கார்புரேட்டர் மாடல். வெள்ளை கலர். டீச்சரின் அப்பா மைன்ஸில் சர்வே ஆபீஸில் வேலை பார்த்தவர். மைன்ஸ் மூடியபோது கையில் வந்த பணத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி. அவர் காலமான பிறகு ஓட்ட ஆள் இல்லாமல், ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் அவர்கள் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி ஒன்பது வருஷம் தார்ப்பாய்க்குள் நின்றிருக்கிறது.

டீச்சர் பெயர் சுகுணா. பங்காருபேட்டையில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். தினமும் ரயிலில் போய் வருகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அவரும் அவர் அம்மா ராஜம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல். முந்தின வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் வலது முட்டி உடைந்து, பிளேட் வைத்து, அந்தக் கால் மடங்காமலே போய்விட்டது. மாசம் ஒரு தடவை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரயில் படி ஏற முடியாது. பஸ்ஸில் காலை நீட்ட இடமில்லை. வாடகைக் கார் எடுத்தால் டிரைவர் நீட்டின காலைப் பார்த்து முகம் சுளிக்கிறான். அதனால் நாற்பத்தைந்து வயசில் டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் எடுத்துவிட்டார். வண்டிதான் பாக்கி.

அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அண்ணா, எனக்கு இது புதுசா மின்னணும்னு ஒண்ணும் இல்ல. எங்கம்மாவ வேலூருக்கு பத்திரமா இட்டுனு போய் இட்டுனு வரணும். அதுக்கு இன்னா பண்ணணுமோ அத மட்டும் பண்ணுங்க."

சரி டீச்சர் என்று சொல்லி ஜாப் கார்டு போட்டேன். எஞ்சின், கிளட்ச், பாடி, பெயிண்ட், சீட், பிரேக், லைட் என்று வரிசையாக எழுதினேன்.

2. பாய் சொன்னது

பாடி வேலைக்கு எனக்கு எப்போதும் பாஷா பாய்தான். டிங்கரிங்கில் அவருக்கு மேல் இந்தப் பக்கம் ஆள் கிடையாது. என் வயசுதான். இருபது வருஷமாக ஒரே ஷெட்டில் வேலை செய்கிறோம். குறைவாகத்தான் பேசுவார்.

எஞ்சின் ஜாம் ஆகியிருந்தது. மூணு பிளக்கையும் கழற்றி, ஓட்டையில் எண்ணெய் ஊற்றி நாலு நாள் ஊறவிட்டேன். ஐந்தாம் நாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு அசைத்தபோது இம்மி இம்மியாகத் திரும்பியது. அப்போது வந்த சந்தோஷத்தை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி குடித்தனம் பண்ணியிருந்தது. பெட்ரோல் டேங்க் உள்ளே முழுக்கத் துரு. டிரைவர் காலடி கார்ப்பெட்டை உரித்தால் கீழே தரை தெரிந்தது.

பாய் ஃப்ளோரை வெட்டி எடுத்துப் புது ஷீட் வைத்தார். ரன்னிங் போர்டு இரண்டும் மாற்றினார். பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். அந்த வண்டியில் பின் சீட்டுக்கு பெல்ட் கிடையாது. மாட்டுகிற இடத்தில் நட் மட்டும் இருந்தது. அதுவும் துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது.

"சேகரு, பெல்ட் பாயிண்ட் எல்லாம் போயிட்டுக்கீது. இப்பவே பிளேட் வெச்சு வெல்ட் அடிச்சிடவா? பின்னால போடணும்னா எல்லாத்தையும் பிரிக்கணும்."

நான் அப்போது கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னாடி யார் பாய் பெல்ட் போடுகிறார்கள், பட்டி போட்டு மூடிவிடுங்கள் என்றேன். பாய் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு துருவை மட்டும் சுரண்டி எடுத்து, மெல்லிசாக ஒரு ஷீட் வைத்து அடைத்து, பிரைமர் அடித்துவிட்டார்.

வெல்டிங் மிஷின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிளேட் வைக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

3. ராஜம்மா

பெயிண்டுக்கு முன்னால் கலர் கேட்க வேண்டுமே என்று டீச்சருக்கு போன் பண்ணினேன். வெள்ளையே இருக்கட்டும் என்றார். அடுத்த நாள் காலை ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின் சீட் முழுக்க ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அதுதான் ராஜம்மா.

ஆட்டோக்காரரும் பாயும் சேர்ந்து இறக்கி இரும்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். மைன்ஸ் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவர். பாயிடம் உருதுவில் நலம் விசாரித்தார், ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் காத்திருக்கச் சொன்னார், என்னிடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வெள்ளை வேணாம் சேகரு. ஆஸ்பத்திரில பெட்ஷீட்டு, கோட்டு, செவுரு எல்லாம் வெள்ளை. பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சு. பச்சை அடி. நல்ல கெட்டிப் பச்சை."

டீச்சர் வெள்ளை என்று சொன்னாரே என்று இழுத்தேன். அவள் ஓட்டப்போகிறாள், உட்காரப்போவது நான்தானே என்றார். டீச்சருக்கு மறுபடியும் போன் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, அம்மா சொன்ன கலரே அடியுங்கள் என்றார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கலர் மாற்ற எழுதிக் கொடுக்கும் வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ராஜம்மா வாரம் ஒரு தடவையாவது வந்துவிடுவார். வேலை எந்த மட்டுக்கு வந்திருக்கிறது என்று பார்க்க என்பார். வந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய கதை பேசுவார். சுரங்கத்துக்குள் ஆள் இறக்குகிற கேஜில் அடிபட்டு வந்தவர்கள், பாறை விழுந்து வந்தவர்கள், யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை, எல்லாம் பெயரோடு சொல்வார். என் சித்தப்பா கை நசுங்கி அங்கே கிடந்ததுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு அம்மா இல்லை. அவர் வராத வாரம் ஷெட் என்னவோ போலிருக்கும்.

சீட் வேலையை அவரை வைத்தேதான் செய்தேன். முன் சீட்டில் மடங்காத காலை நுழைக்க முடியவில்லை. பின் சீட்டில் குறுக்காக, இடது கதவில் முதுகைச் சாய்த்து, காலை சீட் மேலேயே நீட்டி உட்கார்ந்தால்தான் அவருக்கு வசதி. அதற்கு ஏற்ற மாதிரி ஃபோம் வெட்டினேன். நடுவில் இருந்த பள்ளத்தை நிரப்பி, ஒரே மட்டமாக, சின்னக் கட்டில் போல ஆக்கினேன். கதவில் முதுகு படுகிற இடத்தில் ஒரு மெத்தை தைத்தேன். பழுப்பு ரெக்ஸின், பச்சை நூலில் தையல். தையல்காரரை நாலு தடவை பிரித்துத் தைக்க வைத்தேன். ராஜம்மா ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதை வீட்டிலேயே போட்டுக் கொடுத்தால் நான் வேலூருக்கே போக வேண்டாம் என்றார்.

அந்த உட்காரும் விதம் சரிதானா என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவருக்கு வலிக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

4. நல்ல பிரேக்

பழைய மாடலில் பிரேக்குக்கு பூஸ்டர் கிடையாது. முழு பலத்தோடு மிதித்தால்தான் நிற்கும். டீச்சர் புதிதாக ஓட்டுகிறவர். வேலூர் போகிற வழியில் பேர்ணாம்பட்டு மலைப்பாதையில் இறங்க வேண்டியிருக்கும். அதனால் அதே கம்பெனியின் பிந்தைய மாடலிலிருந்து முன் டிஸ்க், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் எடுத்து இதில் பொருத்தினேன். பூஸ்டருக்கு பிராக்கெட் நானே செய்தேன். பெரிய வேலை இல்லை, ஆனால் அளவு ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் பெடல் ஒட்டிக்கொள்ளும். மைன்ஸில் கற்ற ஃபிட்டர் வேலை அங்கே கை கொடுத்தது.

ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்துப் புது வயரிங் இழுத்தேன். நாலு கதவுக்கும் புது ரப்பர் போட்டேன். எங்கள் ஊரில் காற்றடிக்கிற மாசங்களில் தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி எந்தச் சந்திலும் நுழையும், ராஜம்மாவுக்கு இருமல் வேறு.

வண்டி முடிந்த அன்றைக்கு நானும் பாயும் ஸ்டேஷன் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். நாற்பதில் போய் பிரேக் மிதித்தேன். வண்டி அப்படியே தரையில் ஒட்டிக்கொண்டது. பாய் முன்னால் போய் டேஷ்போர்டில் கை ஊன்றி, அவரும் சிரித்தார். நான் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தேன். அந்த பிரேக்கைப் பற்றி ஒரு மாசம் கண்டவரிடமெல்லாம் பேசினேன்.

5. டெலிவரி

திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் ஸ்கூல் விட்டு நேராக வந்தார். ராஜம்மாவும் ஆட்டோவில் வந்துவிட்டார். பச்சை வண்டியைப் பார்த்ததும் ராஜம்மா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தடவினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினோம்.

டீச்சர் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கணக்கு டீச்சர் இல்லையா, எதையும் விடமாட்டார். டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு பின் சீட்டைப் பார்த்தார்.

"அண்ணா, பின்னாடி பெல்ட்டு இல்லையே. போட முடியாதா?"

போட முடியும். என்னிடம் ஒரு ஜோடி பெல்ட் இருந்தது. உடைத்த காரிலிருந்து கழற்றிய நல்ல ரீல் பெல்ட்கள், உள்ளே சுவரில் ஆணியில் தொங்கின. ஆனால் அதற்கு சீட்டை எடுக்க வேண்டும். கார்ப்பெட்டைக் கிழிக்க வேண்டும். பட்டியைச் சுரண்டி, பிளேட் வெல்ட் அடித்து, மறுபடியும் பெயிண்ட் தொட வேண்டும்.

"மூணு நாள் ஆகும் டீச்சர்," என்றேன். "பின்னாடி யாரும் போடறதில்ல. வேலூர் போய்ட்டு வாங்க, நிதானமா போட்டுக்கலாம்."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். டீச்சர் ஒரு கணம் தயங்கினார். காலை நீட்டிக்கொண்டு எனக்கு எதுக்கு பெல்ட், அதை எங்கே கட்டுவது என்று பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட ராஜம்மா கேட்டார். டீச்சர் சரி அண்ணா என்று சொல்லிவிட்டு சாவியை வாங்கிக்கொண்டார். பாய் பக்கத்தில் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

6. வியாழக்கிழமை

நடந்ததை நான் பிறகு டீச்சர் வாயாலேயே கேட்டேன். அதை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் ஏழு மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ராஜம்மா குறுக்காக, எப்போதும் போல, தலையணையில் சாய்ந்து. பேத்தமங்கலம் தாண்டி ரோடு காலியாக இருந்தது. டீச்சர் ஐம்பதில் போயிருக்கிறார். இட்லி கட்டி எடுத்து வந்ததை எங்கே நிறுத்திச் சாப்பிடலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது, வயல் பாதையிலிருந்து ஒரு டிராக்டர் டிரெய்லரோடு ரோட்டில் ஏறிவிட்டது. டீச்சர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. டிரெய்லருக்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது.

வண்டியில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி உடையவில்லை. டீச்சரை அவர் பெல்ட் பிடித்துக்கொண்டது.

பின்னால் ராஜம்மாவைப் பிடிக்க எதுவும் இல்லை. மட்டமான, வழவழப்பான சீட்டில் சறுக்கி, முன் சீட்டின் முதுகில் மோதி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலைகுப்புற விழுந்திருக்கிறார். டீச்சர் திரும்பிப் பார்த்தபோது நினைவோடுதான் இருந்தார். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருக்கிறார். டிராக்டர்காரரும் டீச்சரும் சேர்ந்து தூக்கி சீட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். அப்போது ராஜம்மா சொன்னாராம்.

"சுகுணா, ரெண்டு கையும் மரத்துப் போச்சு. கொஞ்சம் தேய்ச்சு வுடு."

டீச்சர் ரோட்டோரத்தில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தேய்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து ராஜம்மா, போதும்மா, வண்டிய எடு என்றிருக்கிறார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவர். கழுத்தில் அடிபட்டுக் கை மரத்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மகளிடம் அதைச் சொல்லவில்லை.

கோலாரில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் விடிகாலையில் இறந்துபோனார்.

7. பாராட்டு

சனிக்கிழமை நானும் பாயும் ஸ்கெலட்டனுக்குப் போனோம். வீட்டு வாசலில் பந்தல். பக்கத்தில் பச்சை வண்டி, கழுவி விட்ட மாதிரி பளபளவென்று நின்றது. யாரோ அதன் மேல் பூ மாலைகளை வைத்திருந்தார்கள். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கே எல்லோரும் பிரேக்கைப் பற்றித்தான் பேசினார்கள். டீச்சரின் மாமா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பிரேக் இல்லையென்றால் இன்றைக்கு இரண்டு உடம்பு கிடந்திருக்கும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டிக்கும் அதே பிரேக் போட்டுக் கொடுக்கக் கேட்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் சுவரோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

போலீஸ் கேஸ் என்பதால் வண்டியை ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் பார்க்க வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஓட்டிப் பார்த்து, பிரேக் மிதித்துப் பார்த்து, அடியில் குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பழைய வண்டியை இப்படி வைத்திருப்பதை நான் பார்த்ததில்லை என்று கன்னடத்தில் சொன்னார். வண்டியில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பின் சீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்து ஷெட்டில் சுவரில் தொங்கிய பெல்ட் ஜோடியை எடுத்து ஒரு சாக்கில் போட்டு மூலையில் வைத்தேன். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல மாசம் என்னால் பழைய வண்டி எதையும் எடுக்க முடியவில்லை. ஆயில் மாற்றுவது, பஞ்சர் பார்ப்பது என்று சில்லறை வேலைகளோடு ஓட்டினேன். என் வீட்டுக்காரி என்ன ஆச்சு என்று கேட்டபோது இடுப்பு வலி என்றேன்.

8. டீச்சர் திரும்பி வந்தது

ஏழெட்டு மாசம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பச்சை வண்டி ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். இளைத்திருந்தார். இரும்பு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணா, டெலிவரி அன்னிக்கி நான் பெல்ட்டு கேட்டேன். ஞாபகம் கீதா?"

"கீது டீச்சர்."

"இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும் நானு."

இத்தனை மாசமாக அவர் அதைச் சுமந்துகொண்டு ரயிலில் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார். நான் என் தப்பை மறைத்து வைத்ததால், முழுப் பாரமும் அவர் தலையில் ஏறிவிட்டது. அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"நீங்க ஒரு வாட்டி கேட்டதே போதும்," என்றேன். "பெல்ட்டு என்கிட்டயே இருந்திச்சு, இதோ இந்தச் செவுத்துல. பாடி வேலை நடக்கறப்பவே பாய் சொன்னாரு. நான்தான் வேணாம்னு மூடச் சொன்னேன். உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல டீச்சர்."

டீச்சர் பாயைப் பார்த்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே ஊரிகம் ஸ்டேஷனுக்கு ஒரு ரயில் வந்து போனது.

பிறகு டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். பழைய பிரேக்கையே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. ஆறுதலுக்குப் பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. டிரெய்லருக்கு அடியில் போயிருப்பீர்கள், முன்னால் இருந்த நீங்கள் தப்பியிருக்க மாட்டீர்கள் என்றேன். பெல்ட் போட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா என்று கேட்டார். குறுக்காக உட்கார்ந்தவருக்கு அந்த பெல்ட் எவ்வளவு பிடித்திருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படி உட்கார வைத்ததும் நான்தான், பெல்ட் வைத்திருந்தால் அவரை நேராக உட்கார வைக்க வேறு வழி தேடியிருப்பேன் என்றேன். டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டைக் கழற்றிவிட்டு, கால் நீட்ட இடம் விட்டு, பின்னால் நேராக உட்கார வைத்திருக்கலாம். மிகச் சின்ன வேலை. அவர் போன பிறகுதான் எனக்கு அது தோன்றியது.

டீச்சர் அழுதார். அம்மா போன அன்றைக்குக்கூட அவர் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியை என் கையில் கொடுத்தார்.

"இப்ப போடுங்க. நான் இங்கயே இருந்து பார்க்கறேன்."

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தோம். டீச்சர் இரண்டு நாளும் வந்து உட்கார்ந்தார். நான் என் கையாலேயே சீட்டைப் பிரித்தேன். பச்சைத் தையலை பிளேடால் அறுத்தேன். பாய் பட்டியைச் சுரண்டி, கனமான பிளேட் வைத்து, வழக்கத்துக்கு இரண்டு மடங்கு வெல்ட் அடித்தார். சாக்கில் இருந்த பெல்ட்டை நான் எடுக்கவில்லை. புதுசு வாங்கி வந்தேன். மட்டமாக்கிய ஃபோமை வெட்டி, உட்கார்ந்தால் பின்பக்கம் சாய்கிற மாதிரி மறுபடியும் பள்ளம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிந்தது. டீச்சர் சாவியை வாங்கவில்லை. பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"நீங்க ஓட்டுங்க அண்ணா. அன்னிக்கி போன ஸ்பீடுல போங்க. போய் நிறுத்துங்க."

வேண்டாம் டீச்சர் என்றேன். அவர் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். ஸ்டேஷன் ரோட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஐம்பதுக்கு ஏற்றினேன். மிதித்தேன். வண்டி நின்றது. பின்னால் பெல்ட் டக்கென்று பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். பெல்ட் அவரைச் சீட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு வாட்டி என்றார். இன்னொரு வாட்டி போனேன். மூன்றாவது தடவையும் போகச் சொன்னார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டேன்.

டீச்சர் இறங்கி வந்து டிரைவர் கதவைத் திறந்தார். என்னை நகர்ந்து உட்காரச் சொல்லி, அவரே ஓட்டிக்கொண்டு வந்து என்னை ஷெட்டில் விட்டார். இறங்கும்போது, சாப்பிட்டீங்களா அண்ணா என்று கேட்டார்.

இப்போது அவர் அந்த வண்டியில்தான் பங்காருபேட்டைக்குப் போய் வருகிறார். கூட வேலை செய்கிற இரண்டு டீச்சர்கள் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள். அவர்கள் பெல்ட் மாட்டாமல் வண்டி நகராது என்று கேள்விப்பட்டேன். சர்வீஸுக்கு என்னிடம்தான் கொண்டு வருகிறார். முன்பு மாதிரி பேசுவதில்லை. அதைக் குறையாக நினைக்க எனக்கு உரிமை இல்லை.

9. புதிதாக வருகிறவர்களுக்கு

இன்றைக்கு என் ஷெட்டுக்கு எந்தப் பழைய வண்டி வந்தாலும், எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் பின் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். பெல்ட் பாயிண்ட் சரியில்லை என்றால் அதுதான் முதல் வேலை. வேண்டாம் என்று சொல்கிற கஸ்டமர் உண்டு. சிரிக்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களின் வண்டியை நான் எடுப்பதில்லை. வேறு ஷெட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

கூடவே ஒன்று. ஒரு வண்டியை நன்றாக ஓட வைக்கிறோம், நன்றாக நிற்க வைக்கிறோம். அது நிற்கும்போது உள்ளே இருக்கிற ஆளை எது நிறுத்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக்கைக் கூட்டினால் பெல்ட்டையும் கூட்ட வேண்டும். இதை எந்த மேனுவலைப் பார்த்தும் நான் கற்கவில்லை. உங்களுக்கு இப்படிக் கற்கும் நிலை வர வேண்டாம்.

ஏன் போடவில்லை என்று பாய் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. மூணு நாள் ஆகும் என்று நான் சொன்னதை நம்பியிருப்பார்கள். உண்மையில் இராத்திரி பகலாக உட்கார்ந்தால் புதன்கிழமைக்குள் முடித்திருக்கலாம். அவர்கள் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்: சீட் ரொம்ப அழகாக வந்திருந்தது. அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.